பிராந்திசாமியைப் பற்றி உனக்குச் சொல்லாதது

கண்ணு,

இந்தக் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பால்காரருக்கு எழுதி வைக்கிற துண்டுச் சீட்டில்கூட அதைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவேன், உனக்கே தெரியும். ஆனால் இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் உன்னிடம் ஒரு பொய் சொல்லும்போது நான் சாமியைத் துணைக்கு இழுத்தேன். அந்தப் பொய்யைத் திருப்பி எடுக்கும்போதும் அவரைக் கூப்பிட எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை நான் தனியாகவே எழுதி முடிக்கிறேன்.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும். தமிழை நான் கோடை லீவில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததோடு சரி. நானே கரூரில் எட்டாவதோடு நின்றவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, பஸ் போர்டைப் பார்த்து இது அல்வால், இது போலாரம் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தெலுங்கு படிக்கக் கற்றுக்கொண்டவள். அதனால் மெதுவாகப் படிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேகமாகப் படிக்கிறவர்கள் வலிக்கிற வரியைத் தாண்டிப் போய்விடலாம். உன்னால் முடியாது. இருந்தாலும் கட்டினவள்தானே என்று ஷாலினியைப் படித்துக் காட்டச் சொல்லாதே. முதல் தடவை நீயே படி. பிறகு அவளிடம் கொடு, நிவிக்கும் சொல்லு, யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஒளித்து வைத்தது போதும்.

அடுத்த மாதம் உன் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். அதில் எனக்கு என்று ஒரு அறை, கிழக்குப் பார்த்த பூஜை அலமாரி, கால் வழுக்காத தரை என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாய். அப்பா போன பிறகு நான் இந்த அல்வால் வீட்டில் தனியாக இருப்பது உனக்குப் பொறுக்கவில்லை. அந்த அறைக்குள் நான் காலை வைப்பதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகும் வா என்று சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நிவிக்காக எல்லாரும் படத்துக்குப் போனோமே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு லாரி டிரைவரின் பெண்ணுக்கும் ஒரு தெரு நாய்க்குமான சிநேகிதம். குழந்தைகள் படம்தானே, எனக்கு என்ன இருக்கப் போகிறது என்று ஸ்தோத்திரப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். தியேட்டரில் விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதுகூடத் தோன்றவில்லை. அந்தப் பெண் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், நாயிடம் மட்டும் ஓயாமல் பேசுவாள், பன்னைப் பாதியாகப் பிய்த்துப் பெரிய பாதியை அதற்குக் கொடுப்பாள். நிவி என் மடியில் பாதியும் உன் மடியில் பாதியுமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு நாள் காலையில் அந்தக் குழந்தை லாரியின் பின்பலகைக்குக் கொக்கி மாட்ட மறந்துவிடுகிறாள். உள்ளே ஏறி மூட்டைக்கு நடுவில் தூங்கின நாய் எங்கோ வேறு மாநிலத்துக்குப் போய்விடுகிறது. அவள் ரோட்டில் உட்கார்ந்து, "நான்தான் கொக்கி மாட்டல, நான்தான் மாட்டல" என்று அழுத இடத்தில் நீ எழுந்தாய். "பாப்கார்ன் வாங்கிட்டு வரேன்" என்றாய். நிவியின் கையில் முக்கால் டப்பா பாப்கார்ன் இருந்தது. படம் முடியும்வரை நீ திரும்பி வரவில்லை.

அதனால் மிச்சத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நாய் நடந்தே வருகிறது. மழையிலும் வெயிலிலும் நடந்து, ஒரு மத்தியான வேளையில் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. குழந்தை வீட்டில் இல்லை. அம்மாக்காரி மட்டும் மாவு பிசைந்த கையோடு எட்டிப் பார்க்கிறாள். முதலிலிருந்தே அவளுக்கு அந்த நாயைக் கண்டால் ஆகாது. இருந்தாலும் மாவுக் கையாலேயே கதவைத் திறக்கிறாள். தியேட்டர் முழுக்கக் கைதட்டல். நிவி எழுந்து நின்று தட்டினாள். அந்த அம்மா மேல் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். எவ்வளவு சுலபமாகத் திறந்துவிட்டாள் என்று இருந்தது.

காரில் திரும்பி வரும்போது நிவி உன் சீட்டைப் பிடித்துத் தொங்கினாள். "டாடி, மனம் கூட ஒக குக்க தெச்சுகுந்தாம், ப்ளீஸ்." நாமும் ஒரு நாய் கொண்டு வரலாம் என்று.

"நக்கோ நிவி" என்றாய், வேண்டாம் என்று.

"கைக்கு நக்கோ?" ஏன் வேண்டாம் என்று அவள் விடவில்லை.

"நம்மகிட்ட தங்காதுடா. டாடி கேட்டைச் சாத்த மறந்துருவேன், அது ஓடிப் போயிரும்."

ஷாலினி சிரித்துவிட்டாள். "யாரு, நீங்களா? வாசப் பூட்டை மூணு தரம் இழுத்துப் பாத்துட்டு, லிஃப்ட்ல எறங்கி, மறுபடி மேல வந்து பாக்கற ஆளு மறந்துருவீங்களாக்கும்."

நீயும் சிரித்தாய். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பூட்டை நீ ஏன் மூன்று தரம் இழுக்கிறாய் என்று உலகத்தில் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

கண்ணு, அன்றைக்குக் கேட்டைத் திறந்து வைத்தது நீ இல்லை. நான்.

உனக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். பதினொன்றாம் நாள் டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, பிள்ளை எழுந்து நடந்தால் அடுத்த கார்த்திகையில் மாலை போட்டு மலைக்கு அனுப்புகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நீ பிழைத்தாய். ஆனால் கால் துவண்டிருந்தது. வீட்டுக்கு வந்தும் இரண்டு மாதம் ஜன்னலோரக் கட்டிலிலேயே கிடந்தாய். அந்தச் சமயத்தில்தான் அந்த நாய் வந்தது. அடுத்த சந்தில் இருந்த மிலிட்டரிக்காரர் குடும்பம் வடக்கே மாற்றலாகிப் போனது. லாரியில் சோபா ஏறியது, சைக்கிள் ஏறியது, பூந்தொட்டிகூட ஏறியது, நாய் ஏறவில்லை. அது மூன்று நாள் பூட்டின வீட்டு வாசலில் கிடந்துவிட்டு, நான்காம் நாள் நம் ஜன்னலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. நீ கம்பி வழியாகக் கையை விட்டாய், அது மூக்கை வைத்தது. அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த மிலிட்டரி வீட்டுப் பிள்ளைகள் அதற்கு பிராந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று நான் பைரவா என்று கூப்பிட்டேன். அது காதைக்கூட ஆட்டாது. "அதுக்கு உன்ர சாமி பேரெல்லாம் தெரியாது புள்ள, மிலிட்டரி சரக்குதான் தெரியும்" என்று உன் அப்பா சிரிப்பார். காய்ச்சலுக்குப் பிறகு நீ முதன்முதலாக எழுந்து நடந்தது என் கையைப் பிடித்துக்கொண்டு இல்லை. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலிலிருந்து கேட்டு வரைக்கும். நீ நின்றால் அதுவும் நிற்கும். மூச்சு வாங்கி நீ உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காரும். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துவிட்டு, நேராகப் பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றினேன். நான் கேட்டதைச் சாமி யார் மூலம் கொடுத்து அனுப்பினார் என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கார்த்திகை முதல் தேதி அப்பாவும் நீயும் மாலை போட்டீர்கள். அப்பாவுக்கு ஏழாவது வருடம், நீ கன்னிசாமி. அப்பாவோடு பாலாநகர் ஃபேக்டரியில் வேலை பார்த்த பெரியவர்தான் குருசாமி. மாலை போடும்போதே நான் கேட்டேன், "வீட்ல நாய் இருக்குதுங்க சாமி, தோஷமாயிடுமுங்களா?" அவர் சிரித்தார். "வாசல்ல இருக்கட்டும்மா. மாலை போட்டுட்டா எதிர்ல வர்ற எல்லாரும் சாமிதான், அது மட்டும் என்ன." நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். கறுப்பு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக, தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு, "பிராந்திசாமி, சாப்பிட வாங்க சாமி" என்று கூப்பிட்டாய். அப்பா புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்குப் பயம், கண்ணு. உன் உயிருக்காக வைத்த வேண்டுதல் அது. அதில் ஒரு நூல் பிசகினாலும் கொடுத்ததை அவர் திருப்பி வாங்கிக்கொள்வார் என்று ராத்திரியும் பகலும் நடுங்கிக்கொண்டிருந்தேன். விரத நாள்களுக்கு என்று தனியாக ஒரு நோட்டுப் போட்டு, எந்த நாளில் என்ன குறை வந்தது என்று எழுதி வைத்தேன். வேளைக்கு விளக்கேற்றத் தவறியது, எச்சில் கை பட்டது, எல்லாம். நான்காம் நாள் நீ பள்ளியிலிருந்து வந்ததும் அது பாய்ந்து உன் முகத்தை நக்கியது, மாலையையும் நக்கியது. நான் உன்னைக் கொல்லைக் குழாயடியில் நிறுத்திப் பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினேன். உனக்குப் பல் கிட்டியது. சாயந்திரம் தொட்டுப் பார்த்தால் உடம்பு லேசாகச் சுட்டது. கார்த்திகை மாதக் குளிரில் உன்னை நனைய வைத்தவள் நான்தான் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. நாய் தொட்டதால் சாமி கோபித்துக்கொண்டார் என்றுதான் தோன்றியது.

மறுநாள் நீயும் அப்பாவும் கிளம்பின பிறகு பால்காரர் யாதகிரியைக் கூப்பிட்டேன். மேட்சலுக்கும் அப்பால் அவருக்கு எருமைக் கொட்டகை இருந்தது. "அங்க ஒரு நாய் இருந்தா நல்லதுதானுங்க?" என்றேன். அவர் நாயைப் பார்த்தார், ஜன்னலோரம் கிடந்த உன் செருப்பைப் பார்த்தார். "பாபு ஏடவடாம்மா?" பிள்ளை அழ மாட்டானா என்று கேட்டார். "அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றேன். கயிறு கட்டினதும் அது சந்தோஷமாகவே போனது, எங்கேயோ கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு. அதன் பிறகு நான் போய்க் கேட்டின் கொண்டியை எடுத்து, கேட்டை ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து வைத்தேன். தானாகப் போய்விட்டது என்று சொல்வதற்காக. உன் மேல் பழி போட வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. சத்தியமாக இல்லை.

ஆனால் நீ வந்தாய். திறந்திருந்த கேட்டைப் பார்த்தாய். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "அம்மா, காலையில நான்தான் கடைசியா போனேன். நான்தான் கொண்டி போடல" என்றாய். உன் முகம் வெளுத்துவிட்டது. இல்லை சாமி, நீ போட்டுவிட்டுத்தான் போனாய் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நான், "போனாப் போகுது விடு" என்றேன். மன்னிக்கிற மாதிரி சொன்னேன். செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்தேன்.

"திரும்ப வருமாம்மா?"

"சாமிமாருங்க கூட்டம் கூட்டமா மலைக்கு நடந்து போறாங்கல்ல. அவங்க பின்னாடி போயிருக்கும். அங்க சாமியே கூப்பிட்டிருப்பார். மலையில நீ பாப்பே, பாரு."

அதுதான் நான் சொன்ன பொய். நீ நம்பினாய். நம்பினாலும் தேடினாய். தினமும் பள்ளி விட்டதும், செருப்பில்லாத காலோடு, போலாரம் ரோட்டில் மிலிட்டரி காம்பவுண்டு ஓரமாகவே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாய். ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார். "ஏமண்டி, உங்க சின்ன சாமி வைன் ஷாப்புக்கு எதிர்ல நின்னுக்கிட்டு பிராந்தி, பிராந்தினு கத்தறாரு. குடிக்கறவன்லாம் எந்திரிச்சு நின்னு கும்பிடறான்." அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போய் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இதை நாம் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம், உன் கல்யாணத்தில்கூட அப்பாவின் சிநேகிதர்கள் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு உன் குரல் கட்டியிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது. அது திரும்பி வந்தது, கண்ணு.

யாதகிரி கூட்டிப் போன ஒன்பதாம் நாள். மறுநாள் நம் வீட்டில் கன்னி பூஜை, முப்பது பேருக்குச் சாப்பாடு. நீ பள்ளியில், அப்பா ஃபேக்டரியில். நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு, வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். கேட்டில் பிராண்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கழுத்தில் கடித்து அறுத்த கயிறு ஒரு முழம் தொங்கியது. பின்னங்கால் ஒன்றை ஊன்றவில்லை. ஏதோ வண்டி அடித்திருக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் ஒரு மாதிரி கறுத்து வீங்கியிருந்தது. குரைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. ஒன்பது நாளைக்கு முன்னால் அதைக் கயிறு கட்டிக் கொடுத்தவள் நான் என்பது அதற்கு எப்படித் தெரியும்.

கை நிறைய மாவோடு நின்றேன். உள்ளே விட்டால் சமைத்ததை எல்லாம் கொட்ட வேண்டும், மறுபடி முழுக வேண்டும், நாளைக்கு பூஜை. அது பெரிதில்லை. நீ சாயந்திரம் வந்து, "அம்மா, மலைக்குப் போச்சுனு சொன்னியே" என்று கேட்பாய். கயிற்றைப் பார்ப்பாய். யார் கட்டினது என்று கேட்பாய். அதுதான் என் காலைக் கட்டியது. சாமிக்குப் பயந்து சாத்தினேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. உனக்குப் பயந்துதான் சாத்தினேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, பக்திப் பாட்டு கேசட்டைச் சத்தமாக வைத்தேன். பிராண்டுகிற சத்தம் அதற்கு நடுவிலும் கேட்டது. கேசட்டின் ஒரு பக்கம் முடிந்தபோது அந்தச் சத்தமும் நின்றிருந்தது.

கதவைத் திறந்தால் கேட்டுக்கு வெளியே சுவரோரம் கையகலம் இருந்த நிழலில் படுத்திருந்தது. அதற்கப்புறம்தான் வீட்டுக்கார அம்மாவின் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். பாலாநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். இறங்கினவர் என்னைப் பார்க்கவே இல்லை. "தண்ணி வெச்சியா?" என்றார்.

"இல்லீங்க."

"எப்ப வந்துச்சு?"

"பன்னெண்டரைக்குங்க."

மணி அப்போது இரண்டு. அவரே உள்ளே போய், பூஜைக்குத் துலக்கி வைத்திருந்த பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். அது இரண்டு வாய் குடித்தது. தன் கறுப்புத் துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் படுக்க வைத்துக்கொண்டு போலாரத்து மிருக ஆஸ்பத்திரிக்குப் போனார். போய்ச் சேரவில்லை. மிலிட்டரி சுவரோரம், நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடந்தாயே, அந்த ரோட்டிலேயே அது போய்விட்டது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம் கடப்பாரை கேட்டு வாங்கி, புங்க மரத்தடியில் தானே தோண்டிப் புதைத்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது அவர் கழுத்தில் மாலை இல்லை. நேராகக் குருசாமி வீட்டுக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். நான் பதறிப் போனேன். "என்னங்க இது, பையனோட மொத வருசமுங்க. ஒரு நாய்க்குப் போயி யாராச்சும் மாலையக் கழட்டுவாங்களா?"

அவர் குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "வீட்ல ஒரு சாவு விழுந்திருக்குது. மாலை போட்டுக்கிட்டு எப்படி மலை ஏறறது?"

"அப்ப அவன்?"

"சேதி காதுக்கு எட்டற வரைக்கும் தீட்டில்ல. அவனுக்கு இப்ப எட்ட வேண்டாம். வேண்டுதல முடிச்சுட்டு வரட்டும். வந்த பொறகு நீதான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்."

அந்த வருடம் உன் அப்பா உன்னோடு மலைக்கு வராததற்குக் காரணம் ஃபேக்டரியில் லீவு கொடுக்காதது இல்லை, கண்ணு. நீ ரொம்ப நாள் அதை மனதில் வைத்திருந்தாய். கன்னிசாமியாகப் போகும்போது எல்லாப் பிள்ளைகளும் அப்பா தோளில் ஏறிக்கொண்டு போனார்கள், நான் மட்டும் குருசாமி கையைப் பிடித்துக்கொண்டு போனேன் என்று பெரியவனான பிறகும் ஒரு தடவை அவரிடமே சொன்னாய். அவர் "ஆமா சாமி, தப்புத்தான்" என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதன் பிறகு அவர் மாலையே போடவில்லை. முட்டி வலி என்று உனக்குச் சொன்னதும் நான்தான்.

நீ மலைக்குப் போய்விட்டு வந்தாய். குருசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பம்பையிலிருந்து மேல வரைக்கும் ஒரு நாய் விடாம குனிஞ்சு குனிஞ்சு மூஞ்சியப் பாத்தாம்மா. படி ஏறறப்ப எல்லாரும் சரணம் சொல்றாங்க, இவன் திரும்பித் திரும்பிப் பாக்கறான்." நீ என்னிடம் வேறு மாதிரி சொன்னாய். "அங்க ஒண்ணு பிராந்தி மாதிரியே இருந்துச்சும்மா. கூப்பிட்டேன், வரல. கேட்டைத் திறந்து விட்டுட்டேன்ல, கோவமா இருக்கும்." சொல்லிவிட்டு, பிரசாதப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, கேட்டுக்குப் போய்க் கொண்டியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாய். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். மலையிலிருந்து வந்த பிள்ளையைக் கலங்க வைக்கக் கூடாது என்று தள்ளிப் போட்டேன். பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன். அப்புறம் நீ பெரியவனாகிவிட்டாய், மறந்திருப்பாய், கிளறுவானேன் என்று இருந்தேன்.

நீ மறக்கவில்லை. கேட்டோடு அது நிற்கவும் இல்லை. காலேஜில் சிநேகிதன் வண்டியிலிருந்து விழுந்தபோது, நான்தான் அவனை வரச் சொன்னேன் என்றாய். ஷாலினிக்கு முதல் கரு தங்காமல் போனபோது, நான்தான் அவளை அந்தப் பயணத்துக்குக் கூட்டிப் போனேன் என்று மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாய். அப்பாவுக்கு நெஞ்சு அடைத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், நான்தான் ஒரு மணி நேரம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும் என்று சுவரில் தலையை மோதிக்கொண்டாய். எங்கே என்ன கெட்டது நடந்தாலும், யாரும் கேட்காமலேயே, கையைத் தூக்கி நான்தான் என்கிறாய். உனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது நான். உன் ஒன்பதாம் வயதில், கேட்டுப் பக்கத்தில் நின்று, "போனாப் போகுது விடு" என்று சொல்லிக் கற்றுக் கொடுத்தேன்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் உன் அப்பா ஒரே ஒரு தடவை கேட்பார், "சொல்லிட்டியா?" நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. அவர் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். கடைசியில், மூச்சுக் குழாய் வைப்பதற்கு முன்னாலும் அதைத்தான் கேட்டார். நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். "சொல்லிட்டியா புள்ள?" இல்லைங்க என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேச முடியாததால் என்று நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள்.

பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு இருக்கிற புத்தி ஒன்றே ஒன்றுதான், அதுவும் உன்னைக் கொடுத்து வாங்கினது. ஏதாவது கெட்டது நடந்தால், நான்தான் என்று சொல்வதற்கு முன்னால் சுற்றிப் பார். பக்கத்தில் யாராவது வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்களா என்று பார். அது உன்னைப் பெற்றவளாக இருந்தாலும் கேள். நிவி ஏதாவது தப்புச் செய்துவிட்டேன் என்று வந்து நின்றால், மன்னிப்பதற்கு முன்னால் அவள்தான் செய்தாளா என்று விசாரி. அவளுக்கு நாய் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் வீட்டுப் பேச்சு, நான் அதில் தலையிட மாட்டேன். உனக்குப் பிடிக்கவில்லையா, வேண்டாம் என்று சொல். நேரம் இல்லையா, அதைச் சொல். ஆனால் நம்மிடம் தங்காது என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. அது பொய். உன்னிடம் தங்குவதற்காக ஒன்று உடைந்த காலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்தது. உன்னை விட்டுப் போனதும் இல்லை, உன் மேல் கோபமாக இருந்ததும் இல்லை. வாசல்வரை வந்துவிட்டது. வாசலில் நான் இருந்தேன்.

நேற்று சாயந்திரம் ஆட்டோ பிடித்து அந்தச் சுவரோரம் போனேன். ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள், மரம் இல்லை. எந்த இடம் என்று எனக்குக் காட்ட இப்போது ஆளும் இல்லை. சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அப்பா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட அன்று நான் ஊற்றிக்கொள்ளவில்லை. நாய்க்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். இன்று காலையில் ஊற்றிக்கொண்டேன். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் அப்பா சொன்ன கணக்குப்படி, இது வரைக்கும் உனக்குத் தீட்டு இல்லை. இப்போது சேதி எட்டிவிட்டது. என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் அப்புறம் கேள், எத்தனை நாள் கழித்து வேண்டுமானாலும் கேள். நம் வீட்டில் ஒரு சாவு விழுந்தது, கண்ணு. போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்.

அம்மா